மேற்படிவு வரைபடம்: பிளானருக்கும் புரியணும், போர்வெல்காரருக்கும் புரியணும்

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்



கட்டடத்தின் பாரம் கடைசியில் மண்ணுக்குத்தான் போய்ச் சேரும் என்று வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த மண் ஊரில் எந்த இடத்தில் எப்படி இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. சர்ஃபீஷியல் ஜியாலஜி மேப் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதை மேற்படிவு வரைபடம் என்று சொல்லிக்கொள்கிறேன். இப்போது இது காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. போய் என்ன பிரயோசனம்? நகரமைப்பு அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் வீடு கட்டுகிறவரும் திறந்து பார்த்துத் தங்கள் கேள்விக்குப் பதில் எடுக்க முடிந்தால்தானே பிரயோசனம்? அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் படித்தவரை, யோசித்தவரை எழுதுகிறேன். மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். கணக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வரும்.

முதலில் இது என்ன படம்?

நாம் வழக்கமாகப் பார்க்கும் நிலவியல் வரைபடம் பாறையைக் காட்டுவது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் என்று போட்டிருக்கும். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால் ஹாலந்து என்கிற நிலவியலாளர் வைத்த பெயர் அது. நம்ம பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்!) விவசாயத்துக்காகப் போடும் மண் வரைபடம் வேறு. அது பயிரின் வேர் போகிற ஆழத்தோடு, அதாவது ஒன்றரை, இரண்டு மீட்டரோடு நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதே, ஆறு கொண்டுவந்த வண்டல், கடல் விட்டுப் போன களி, காற்று குவித்த மணல், மலைச்சரிவில் உருண்டு வந்து தங்கிய கல்லும் மண்ணும், மனிதன் லாரியில் கொண்டுவந்து கொட்டிய நிரப்பு மண், இதெல்லாம்தான் மேற்படிவு. நாம் போடும் ஃபுட்டிங், பைல், செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய், கிணறு எல்லாம் பெரும்பாலும் இதற்குள்ளேதான்.

ஒரே ரோடு, இரண்டு மண்

இந்தப் படத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சைப்ரஸ் என்று ஒரு மேம்பாலச் சாலை. மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம் என்று அடுக்காகக் கட்டியது. 1957-ல் திறந்தார்கள். 1989 அக்டோபர் 17 அன்று மாலை ஐந்து மணி தாண்டி லோமா ப்ரியெட்டா நிலநடுக்கம் வந்தது. அளவு 6.9. நடுக்கத்தின் மையம் ஓக்லண்டிலிருந்து சுமார் 90 கி.மீ. தள்ளி. இருந்தும் சைப்ரஸ் சாலையின் மேல்தளம் கீழ்தளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் 63 பேர். அதில் 42 பேர் இந்த ஒரு சாலையில்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், சாலை முழுக்க விழவில்லை. வடக்குப் பகுதி விழுந்தது, தெற்குப் பகுதி நின்றது. விழுந்த பகுதிக்கு அடியில் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் இளகிய களிச்சேறு இருந்தது. நின்ற பகுதிக்கு அடியில் அதைவிட இறுக்கமான ஆற்று வண்டல். பிறகு வந்த பின்னதிர்வுகளை அந்தச் சாலை ஓரமாகக் கருவி வைத்து அளந்து பார்த்தபோது, சேற்று நிலம் மற்ற நிலத்தைவிடப் பல மடங்கு அதிகமாக ஆடியது தெரிந்தது. தூண் இணைப்புகளில் கம்பி போதாமல் இருந்ததும் காரணம்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் குறை இருந்த ஒரே சாலை எந்த இடத்தில் விழும், எந்த இடத்தில் நிற்கும் என்பதை அடியிலிருந்த மண்ணின் எல்லைதான் பிரித்துக் காட்டியது.

அதே நாளில் சான்ஃபிரான்சிஸ்கோவின் மெரினா பகுதியில் வீடுகள் சாய்ந்தன, கேஸ் குழாய் உடைந்து தீப்பிடித்தது. அந்த இடத்தில் கொஞ்சம் 1915-ல் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக விரிகுடாவின் அடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டி நிரப்பியது. தண்ணீர் ஊறிய தளர்ந்த மணலை வேகமாகக் குலுக்கினால் மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிடும், பாரம் தண்ணீருக்குப் போகும், மணல் குழம்பு மாதிரி ஆகிவிடும். இதைத்தான் லிக்விஃபேக்ஷன் என்று சாயில் மெக்கானிக்ஸில் படிக்கிறோம்.

இந்த மண்ணையெல்லாம் காட்டும் வரைபடம் நிலநடுக்கத்துக்குப் பத்து வருஷம் முன்பே இருந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. 1979-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை விரிகுடாவைச் சுற்றியுள்ள சமவெளிப் படிவுகளைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. ஹெல்லி, லாஜாய் என்ற நிலவியலாளர்களோடு நகரத் திட்டமிடல் தெரிந்தவர்களும் சேர்ந்து எழுதியது. நிலவியலாளர் தனியாக எழுதினால் பிளானருக்குப் புரியாது, பிளானர் தனியாக எழுதினால் நிலவியல் இருக்காது என்று அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

க்யூ.எச்.பி.எம். என்றால் யாருக்குத் தெரியும்?

அந்தப் பகுதிப் படங்களில் களிச்சேற்றுக்கு க்யூ.எச்.பி.எம். என்று குறியீடு. க்யூ என்றால் குவாட்டர்னரி காலம். எச் என்றால் ஹோலோசீன், அதாவது கடைசி 11,700 வருஷம். பி.எம். என்றால் பே மட், விரிகுடாச் சேறு. நிலவியலாளருக்கு இந்த நான்கு எழுத்தில் ஒரு கதையே இருக்கிறது. மற்றவர்களுக்கு?

ஐந்தாம் செமஸ்டரில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் நகரமைப்புப் பிரிவில் இன்பிளான்ட் டிரெய்னிங் செய்தேன். மாவட்டத்தின் நிலவியல் படத்தைக் கலரில் பிரிண்ட் போட்டு அங்கே ஒரு சாரிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதுல பேரு போட்டிருக்கு, வயசு போட்டிருக்கு. இந்த இடத்துல மூணு மாடிக்கு பர்மிஷன் கேட்டு ஃபைல் வந்திருக்கு. பார்ட்டிகிட்ட நான் என்ன கேக்கணும்னு இதுல எங்க போட்டிருக்கு?” ரொம்ப நியாயமான கேள்வி. அவருக்கு வேண்டியது மண்ணின் வரலாறு இல்லை. மண் இன்று எப்படி நடந்துகொள்ளும் என்பது.

அதற்காக வயசு உபயோகம் இல்லாத சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1978-ல் யூட், பெர்க்கின்ஸ் என்ற இருவர் ஓர் அட்டவணை போட்டார்கள். படிவு எந்த வகை, எவ்வளவு காலத்துக்கு முந்தியது என்ற இரண்டை வைத்தே லிக்விஃபேக்ஷன் வாய்ப்பைக் கணிக்கும் அட்டவணை. இளைய மணல் தளர்ச்சியாக இருக்கும், பழைய மணல் இறுகியிருக்கும் என்ற சாதாரண உண்மைதான் அடிப்படை. ஸ்டாண்டர்டு பெனிட்ரேஷன் டெஸ்டில் வரும் என்-வேல்யூவும் பொதுவாக இதையே சொல்லும். ஆக வயசு ஒரு தடயம். அதை எஞ்சினியரிங் குணமாக மொழிபெயர்த்துக் கொடுப்பது படம் போடுகிறவரின் வேலை. பார்க்கிறவர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

விரிகுடாப் பகுதியில் 2000-லும் 2006-லும் அப்படித்தான் செய்தார்கள். மேற்படிவு வரைபடத்தை டிஜிட்டலாக வைத்துக்கொண்டு, படிவின் வகை, வயசு, நிலத்தடி நீர் ஆழம் இவற்றைச் சேர்த்து, லிக்விஃபேக்ஷன் வாய்ப்பு மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று ஐந்தே வகுப்பாகப் பிரித்தார்கள். பழைய குறியீடுகள் அழியவில்லை, அடியில் அப்படியே இருக்கின்றன. மேலே எளிய படம், கிளிக் பண்ணினால் உள்ளே முழு விவரம். எனக்கு இந்த முறை ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒரே படம், பல கேள்வி

காகிதப் படத்தில் ஒரு கலர்தான் அடிக்க முடியும். டிஜிட்டலில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. எத்தனை காலம் வேண்டுமானாலும் சேர்க்கலாம் (வருஷக் காலம் இல்லை, நெட்டுக் காலம்). எந்தக் காலத்தை வைத்துக் கலர் அடிக்கிறோமோ அந்தக் கேள்விக்கான படம் வரும்.

விரிகுடாக் களிச்சேற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டுகிறவருக்கு அது கெட்ட மண்: அமுங்கும், நிலநடுக்கத்தில் அதிகம் ஆடும். ஆனால் தண்ணீர் எளிதில் ஊடுருவாத மண் எங்கே என்று தேடுகிறவருக்கு அதே களி நல்ல மண். மலையடிவாரத்தில் ஆறு விசிறி மாதிரி பரப்பிய சரளையும் மணலும் இதற்கு நேர் எதிர். அஸ்திவாரத்துக்குப் பொதுவாக நல்லது, மழைநீர் இறங்குவதற்கு மிக நல்லது, சரளை வெட்டுகிறவருக்கு லாபம், குப்பைக் கிடங்குக்கோ ஆபத்து, ஏனென்றால் கசியும் அழுக்கு நேராகக் கிணற்றுக்குப் போகும். நல்ல நிலம், கெட்ட நிலம் என்று ஒரேயடியாகச் சிவப்பும் பச்சையும் அடித்துக் கொடுப்பது இதனால்தான் தப்பு. எதற்கு நல்லது என்று எழுத வேண்டும்.

ஒரே காலத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் தப்பு. நம்ம பள்ளிக்கரணையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் களி இருக்கிறது, கசியாது, குப்பை கொட்டலாம் என்று அட்டவணையின் ஒரு காலம் மட்டும் பேசினால் பேசும். பக்கத்துக் காலத்தில் “மழைக்காலத்தில் சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கும் இடம்” என்று இருக்க வேண்டுமா இல்லையா? பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அந்தச் சதுப்பு நிலத்தில்தான் வளர்ந்தது. 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதே காலகட்டத்தில்தான் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலையும் பணம் செலவழித்து நடந்தது.

மேலே பார்த்தால் போதுமா?

மேற்படிவு வரைபடத்தின் பெரிய குறை, பேரிலேயே இருக்கிறது. மேலே என்ன என்று மட்டும் காட்டும். மேலே இரண்டு மீட்டர் மணல், அடியில் ஆறு மீட்டர் களி, அதற்கும் அடியில் சிதைந்த பாறை என்றால் படத்தில் மணல் கலர் மட்டும்தான் தெரியும். ஒரு மாடி வீட்டுக்காரருக்கு மணல் முக்கியம். பத்து மாடிக்காரருக்குக் களிதான் முக்கியம்.

இதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநில நிலவியல் ஆய்வுத் துறை ஒரு வழி கண்டது. 1988-ல் அவர்கள் வெளியிட்ட படத்தில் தரையிலிருந்து 15 மீட்டர் ஆழம் வரை எந்தப் படிவின் மேல் எந்தப் படிவு என்று அடுக்காகவே குறித்தார்கள், நம்ம வீட்டு டிபன் கேரியர் மாதிரி. அதற்கு முன்பு 1984-லேயே, ஆழம் குறைந்த நிலத்தடி நீர் மாசுபடும் வாய்ப்பைக் காட்டும் படமும் மாநிலம் முழுவதற்கும் போட்டிருந்தார்கள். தண்ணீர் தரும் மணல் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அதன் மேல் பாதுகாப்பாகக் களி எவ்வளவு கனம் இருக்கிறது என்பதுதான் அதன் சூத்திரம். களி கனமாக இருந்தால் கிணறு தப்பிக்கும். மேலேயிருந்து அடி வரை மணல் என்றால் செப்டிக் டேங்கும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவே கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரை மணல் மேல் இருக்கும் ஊர்க்காரர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். அங்கே மழைநீர் சீக்கிரம் இறங்கும், அதுதான் நல்ல தண்ணீர். கழிவுநீரும் அதே வேகத்தில்தான் இறங்கும்.

ஜூம் பண்ணினால் படம் துல்லியமாகிவிடுமா?

நான் சொன்ன கணக்கு இங்கேதான். படம் 1:50,000 அளவில் தயாரித்தது என்று வையுங்கள். படத்தில் ஒரு மில்லிமீட்டர், நிலத்தில் 50 மீட்டர். இரண்டு மண்ணுக்கும் நடுவில் போட்ட கோட்டின் கனம் அரை மில்லிமீட்டர் என்றால் அந்தக் கோடே நிலத்தில் 25 மீட்டர் அகலம். நம்ம ஊர் மனை 40 அடிக்கு 60 அடி, அதாவது சுமார் 12 மீட்டருக்கு 18 மீட்டர். படத்தில் அது கால் மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர்கூட வராது. மனை முழுக்கக் கோட்டுக்குள் மறைந்துவிடும். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்டால் படத்தால் பதில் சொல்ல முடியாது.

காகிதத்தில் இது கண்ணுக்குத் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் கோடு தடியாகத்தான் தெரியும், பார்க்கிறவர் தானாகவே ஜாக்கிரதை ஆகிவிடுவார். கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் எவ்வளவு ஜூம் பண்ணினாலும் கோடு மெல்லிசாகவே இருக்கும். வீட்டின் சமையலறை களியில், ஹால் மணலில் என்கிற மாதிரி காட்டும்! டிஜிட்டல் படத்தின் பெரிய பொய் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு விஷயமும் டிஜிட்டல் ஆக்கும்போது தொலைந்து போகிறது. நிலவியலாளர் கண்ணால் பார்த்த எல்லையைத் தொடர்கோடாகவும், உத்தேசமானதை விட்டுவிட்ட கோடாகவும், மறைந்திருப்பதைப் புள்ளிக்கோடாகவும் போடுவார். அவசரமாக டிரேஸ் பண்ணுகிறவர் எல்லாவற்றையும் ஒரே கோடாக இழுத்துவிட்டால் சந்தேகம் எல்லாம் நிச்சயம் ஆகிவிடும். இதற்காகவே அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 2020-ல் வெளியிட்ட ஜெம்ஸ் என்கிற டிஜிட்டல் வரைபட விதிமுறையில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காலம் வைத்திருக்கிறார்கள்: இந்த எல்லை எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம்? அந்த எண்ணை வைத்துக் கோட்டின் இருபுறமும் பட்டை போட்டுவிட்டால், பட்டைக்குள் விழும் மனைக்கு “படத்தை நம்பாதே, போர் போட்டுப் பார்” என்று கம்ப்யூட்டரே சொல்லும்.

ஏரிகளும் குளங்களும் விஷயத்தில் இது நமக்கு அவசரமானது. 1:50,000 படத்தில் நான்கு மில்லிமீட்டர் சதுரம் என்றால் நிலத்தில் 200 மீட்டர் சதுரம், 4 ஹெக்டேர். அதைவிடச் சின்னத் துண்டைத் தனியாகக் காட்டுவது கஷ்டம். ஒரு ஏக்கர் குளத்தைத் தூர்த்து மனை போட்டிருந்தால் படத்தில் அது இருக்காது. ஆனால் அங்கே போடும் ஃபுட்டிங் உட்காரும்.

பிளானரின் பாஷை சர்வே நம்பர்

நிலவியலாளர் அட்சரேகை, தீர்க்கரேகையில் பேசுவார். நம்ம ஊர் அலுவலகங்களில் எல்லாம் சர்வே நம்பர்தான். ஃபைல், பட்டா, அனுமதி எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஆகவே மேற்படிவுப் படத்தின் மேல் சர்வே நம்பர் எல்லைகளைப் போர்த்திக் கொடுத்தால்தான் அந்த சார் அதைத் திறப்பார். ஆனால் புலப்படம் 1:1000, 1:2000 மாதிரி பெரிய அளவில் வரைந்தது. அதையும் 1:50,000-யும் ஒன்றாகப் போர்த்தினால் மேலே சொன்ன பொய் இன்னும் பெரிதாகும். அதனால் சர்வே நம்பர் வாரியாகத் தீர்ப்பு எழுதாமல், “இந்த சர்வே நம்பர் இன்ன வகை நிலத்தில் அல்லது அதன் எல்லைப் பட்டையில் வருகிறது, இன்ன பரிசோதனை கேட்கவும்” என்று எழுதிக் கொடுப்பதே சரி.

கலிபோர்னியாவில் சட்டமே இப்படித்தான் இருக்கிறது. 1989 நிலநடுக்கத்துக்கு அடுத்த வருஷம், 1990-ல், நிலநடுக்க அபாய வரைபடச் சட்டம் வந்தது. அதன்படி அரசு வெளியிடும் மண்டலத்துக்குள் உங்கள் இடம் வந்தால் கட்டக் கூடாது என்று அர்த்தமில்லை. அனுமதிக்கு முன் மண் ஆய்வு அறிக்கை கொடுக்க வேண்டும், இடத்தை விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும். படம் கேள்வியை எழுப்புகிறது, போர் லாக் பதில் சொல்கிறது. தடை என்று போட்டிருந்தால் நில விலைச் சண்டையில் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் என்ற இணைய வாசலில் 1:50,000 நிலவியல் படங்கள் கிடைக்கின்றன. இஸ்ரோவோடு சேர்ந்து அதே அளவில் தயாரித்த நில உருவியல் அடுக்கும் உண்டு. வெள்ளச் சமவெளி, பழைய கடற்கரை மேடு என்றெல்லாம் அதில் பிரித்திருப்பார்கள், மேற்படிவைக் கண்டுபிடிக்க அது நல்ல தடயம். கியூ-ஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். நம்ம லேப் கம்ப்யூட்டரிலேயே ஓடும். வருவாய்த் துறையின் பழைய பதிவுகளில் ஏரி, தாங்கல், கழுவெளி என்று எழுதியிருப்பதையும் ஓர் அடுக்காகச் சேர்க்கலாம். தூர்ந்த குளத்தை 1:50,000 படம் காட்டாது, பழைய கிராமப் பதிவேடு காட்டும்.

இல்லாதது ஆழ விவரம். ஒவ்வொரு அடுக்குமாடிக்கும், பாலத்துக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் போர் போட்டுப் பார்க்கிறார்கள். அறிக்கை ஃபைலோடு சேர்ந்து பீரோவுக்குள் போய்விடுகிறது. பக்கத்து மனைக்காரர் மறுபடி காசு கொடுத்து அதையே போடுகிறார். டிபன் கேரியர் அடுக்கைக் கட்ட நமக்கு வேண்டியது அந்தக் காகிதங்கள்தான். நம் மாணவர்களில் பாதிப் பேர் லீவில் ஏதாவது சைட்டுக்குப் போகிறோம். சைட் எஞ்சினியரிடம் அனுமதி கேட்டு, உரிமையாளர் பெயரை விட்டுவிட்டு, போர் லாக்கை மட்டும் நகல் எடுத்து வந்தால் சர்வே லேபில் அதற்கென்று ஒரு ரிஜிஸ்டர் போடலாம் என்று எச்.ஓ.டி. சாரிடம் பேசியிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார். செல்போனில் எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை, தரைமட்டம் எதை வைத்து எடுத்தது, ஒவ்வொரு அடுக்கின் ஆழம், என்-வேல்யூ, நீர்மட்டம், தேதி, இவ்வளவுதான் காலங்கள். தேதியை விட்டுவிடாதீர்கள், மே மாத நீர்மட்டமும் டிசம்பர் நீர்மட்டமும் ஒன்றல்ல. நீர்மட்டமே எழுதாத லாக் கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். எந்த மாதத்தில் போட்ட போர் என்று மட்டும் கேட்டு ஓரத்தில் எழுதிவிடுங்கள்.